நாற்பது தாளில் நடந்த யானை

வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து அடக்கிய சிரிப்பொலி எழுமாயின், அங்கே பாடத்துக்குப் புறம்பான ஏதோ ஒன்று நடைபெறுகின்றது என்பதை உணர்வதற்கு ஆசிரியத் தொழிலில் நீண்ட அனுபவம் வேண்டியதில்லை. சென்ற தவணையில் ஒருநாள், நாம் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் அத்தகைய ஒலி கேட்டது. சென்று பார்த்தோம். ஒரு மாணவனுடைய எண்பது பக்கக் கொப்பி நான்கைந்து பேரிடம் கைமாறி வந்துகொண்டிருந்தது. அதைப் பறித்து நமது மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினோம். மாணவனையும் சற்றுக் கடுமையாகவே கண்டித்து, பெற்றோரை அழைத்து வருமாறு வழமைப்படி சொல்லி அனுப்பினோம்.

மாலையில் வீடு திரும்புமுன் அக்கொப்பியைப் புரட்டினோம். எழுத்து வேலை ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஆனால் ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் ஒரு யானை இருந்தது. பெரஹராவில் வரும் யானை. முதுகில் துகில், நெற்றியில் பட்டம். பெருவிரலால் தாள்களை விரைவாக விட்டபோது அந்த யானை நடந்தது! துதிக்கையை ஒருமுறை ஆட்டியது, காது அசைந்தது, கடைசித் தாளில் நின்று நம்மைத் திரும்பிப் பார்த்தது. நாற்பது தாள், நாற்பது சித்திரம், மூன்று விநாடி நடை. வரலாற்றுப் பாடத்தில் நாம் அன்று கூறியவற்றில் மூன்று விநாடியேனும் அவ்வளவு உயிருடன் இருந்திருக்குமா என்ற ஐயம் நமக்கு ஏற்பட்டதை ஒளிப்பானேன்?

இரண்டு நாள் கழித்து மாணவனின் தந்தையார் வந்தார். நகரத்துக் கடைகளின் பெயர்ப்பலகைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தூரிகையால் எழுதி ஒரு காலத்தில் நன்கு வாழ்ந்தவர். இப்பொழுது ஒரு களஞ்சியசாலையில் காவல் வேலை பார்க்கிறார். மகனது கொப்பியை அவரிடம் நீட்டினோம். தாள்களை மூன்றுமுறை ஓடவிட்டுப் பார்த்தார். முதல்முறை சிரித்தார். மூன்றாம் முறை சிரிக்கவில்லை.

“சேர், பெனர் அடிக்கிற மிஷின் வந்த அன்னைக்கே என் பிரஷ் காஞ்சு போச்சுங்க. இந்தக் கார்ட்டூனையும் இப்ப கம்ப்யூட்டர்தான் செய்யுதாம். பொறகு இவன் எதுக்குங்க கையால வரையிறான்?”

நாம் ஏதோ பொதுவாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தோம். உரிய விடை அன்று நம்மிடம் இல்லை என்பதே உண்மை. அவருக்கு நாம் கடன்பட்ட விடையைத் தேடிப் புறப்பட்டதன் பயனே இக்கட்டுரை.

சுவரில் நடந்த ஊர்வலம்

கண்டி நகரிலிருந்து மகாவலி கங்கையைக் கடந்து சில மைல் சென்றால் தெகல்தொறுவை என்னும் குகை விகாரையை அடையலாம். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் தொடங்கி, அவன் தம்பி இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் நிறைவெய்திய விகாரை அது. இவ்விருவரும் மதுரை நாயக்கர் மரபில் வந்தோர் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அவ்விகாரையின் முன்மண்டபச் சுவரில் ஜாதகக் கதைகள் தீட்டப்பெற்றுள்ளன. வெஸ்ஸந்தரன் என்னும் அரசகுமாரன், கேட்டவர்க்கெல்லாம் கேட்டதை ஈந்து, ஈற்றில் நாட்டுக்கு மழை தரும் வெள்ளை யானையையும் அந்தணர்க்குத் தானம் செய்து காடேகும் கதை அவற்றுள் ஒன்று.

அக்கதையை ஓவியர் சொல்லியுள்ள முறைதான் நமது விஷயத்துக்கு வேண்டியது. சுவரை நீண்ட பட்டைகளாகப் பிரித்து, சிவந்த பின்னணியில் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ கதையை ஓடவிடுகிறார்கள். ஒரே அரசகுமாரன் ஒரே பட்டையில் திரும்பத் திரும்பத் தோன்றுகிறான். இங்கே யானைமேல் இருக்கிறான். இரண்டடி தள்ளி யானையை ஈகிறான். அப்பால் நாட்டைவிட்டு வெளியேறுகிறான். காட்சிக்கும் காட்சிக்கும் இடையே ஒரு மரமோ ஒரு கட்டடமோ எல்லையாக நிற்கும். வெற்றிடங்களில் தாமரை மலர்கள் உதிர்ந்து கிடக்கும். பார்ப்பவன் சுவரோரமாக நடந்தால் கதை நடக்கும். நின்றால் கதையும் நிற்கும். சினிமாவில் நாம் இருக்கையில் அமர்ந்திருக்கச் சித்திரம் ஓடுகின்றது; தெகல்தொறுவையில் சித்திரம் அமர்ந்திருக்க நாம் ஓடவேண்டும். வேறுபாடு அவ்வளவே எனலாம்.

இவ்வோவியங்களைத் தீட்டியோருள் தேவரகம்பொல சில்வத்தென்ன என்பவரின் பெயர் சிறப்பாகப் பேசப்படுகிறது. அவரோடு வேறு சில கைகளும் சேர்ந்து உழைத்தன. இச்செய்திகளையெல்லாம் திரட்டித் தந்தவர் நம்மவரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருள் ஆய்வுக்கென இலங்கைக்கு வந்த அவர், மலைநாட்டுக் கிராமங்களில் கல்லைத் தேடி அலைந்தபோது கலையைக் கண்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கண்டிய ஓவியர் குடும்பங்களில் பிள்ளைகள் எவ்வாறு தொழில் பழகினார்கள் என்பதை அதில் அவர் விவரித்திருக்கிறார். ‘வக தெக’ எனப்படும் இரட்டை வளைகோட்டை மாணவன் முதலில் வரைந்து பழகவேண்டும். யானையும் அரசனும் பின்னர்தான். அக்கோடு கைக்கு வசப்பட்டால், அன்னத்தின் கழுத்தும் கொடியின் வளைவும் தாமே வசப்படும் என்பது அவர்களின் எண்ணம்.

அதே 1908 இல் பாரிஸ் நகரில் எமில் கோல் என்பவர் ஏறக்குறைய எழுநூறு சித்திரங்களைத் தாளில் வரைந்து, ஒவ்வொன்றாகப் படம்பிடித்து, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் ஒரு படத்தை உருவாக்கினார். முழுவதும் கையால் வரைந்த சித்திரங்கள் திரையில் அசைந்த முதற் படங்களுள் ஒன்றாக அது கொள்ளப்படுகிறது. பழைய சித்திரக்கலை அழிகின்றதே என்று மலைநாட்டில் ஒருவர் வருந்தி எழுதிய அதே ஆண்டில், சித்திரத்துக்கு மேல்நாட்டில் கால் முளைத்தது.

ஒரு விநாடிக்கு 24

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இருமுறை படம்பிடித்துச் சிக்கனம் செய்தாலும் விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரம் தேவை. வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ வைட்’ 1937 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியானது. ஓடும் நேரம் 83 நிமிடம். கணக்கில் வல்ல மாணவர்கள் பெருக்கிப் பார்க்கட்டும்: ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபதினாயிரம் படங்கள். ஒரே படத்தில் பல உருவங்கள் தனித்தனித் தாளில் வரையப்படுவதால், உண்மையில் வரைந்த சித்திரங்களின் தொகை இன்னும் கூடுதலாகும்.

இவ்வளவையும் ஒரு மேதை தனியே இருந்து வரைதல் இயலாது. ஆகவே வேலையைப் பகுத்துக்கொண்டார்கள். தேர்ந்த சித்திரக்காரர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார்: பாய்வதற்குப் பதுங்கிய புலி, அந்தரத்தில் நீண்ட புலி, நிலத்தில் இறங்கிய புலி. பதுங்கலுக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சித்திரங்களை இளையோர் வரைவர். இவர்களை ‘இடைப்படம் வரைவோர்’ எனலாம். பின்னர் அவற்றைக் கண்ணாடி போன்ற செலுலாயிட் தாளில் மையால் படியெடுத்து, பின்புறத்தில் வண்ணம் பூசுவர். இந்த மையும் வண்ணமும் தீட்டும் பகுதியில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்தனர். பின்னணிக் காட்சியை ஒருமுறை வரைந்துவிட்டு, அதன்மேல் செலுலாயிட் தாள்களை மாற்றி மாற்றி வைத்துப் படம்பிடிக்கும் இந்த உபாயத்தை 1914 ஆம் ஆண்டளவில் ஏர்ல் ஹர்ட் என்னும் அமெரிக்கர் கண்டறிந்தார்.

இடைப்படம் வரைதல் சலிப்பூட்டும் வேலை, ஊதியமும் குறைவு. ஆயினும் அதுதான் பள்ளிக்கூடம். தேர்ந்த ஒருவரின் இரண்டு சித்திரங்களுக்கு நடுவே ஏழு சித்திரம் வரையும் இளைஞன், அக்கோடு ஏன் அப்படி வளைந்தது என்பதை ஏழுமுறை யோசிக்க நேரிடும். கண்டியச் சிறுவனுக்கு ‘வக தெக’ எப்படியோ, கலிபோர்னிய இளைஞனுக்கு இடைப்படம் அப்படி. சில ஆண்டுகள் அவ்வாறு உழைத்தவரே முதன்மைச் சித்திரக்காரர் ஆயினர்.

இவ்வித்தை நமது பக்கத்துக்கு வந்த கதை சுவையானது. கிளேர் வீக்ஸ் என்பவர், இந்தியாவில் சமயப் பணியாற்றிய அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, பின்னர் டிஸ்னி நிறுவனத்தில் சித்திரக்காரராய் இருந்தவர். 1956 இல் அவர் பம்பாய்க்கு வந்து, இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் இளைஞர் சிலருக்குப் பயிற்சி அளித்தார். அவர் வழிகாட்டலில் 1957 இல் வெளிவந்த படத்தின் பெயர் ‘ஆலமரத்து மான்’ எனப் பொருள்படும். அதுவும் ஒரு ஜாதகக் கதையே! தெகல்தொறுவைச் சுவரில் உறைந்து நின்ற கதைமரபு ஒன்று இருநூறாண்டுக்குள் பம்பாயில் எழுந்து நடந்ததாகக் கொள்வதில் நமக்கு ஓர் மகிழ்ச்சி. அங்கே பயின்றவர்களுள் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டுச் சித்திரத்துக்கு வந்தவர். 2019 இல் காலமாகும்வரை இந்திய அனிமேஷனின் தந்தை என்று அவரைப் போற்றினர்.

அவர் பெயரை நம் வீட்டுப் பிள்ளைகள் அறியாவிடினும் ஒரு படைப்பையாவது அறிந்திருப்பர். ஜப்பானியரான யூகோ சாக்கோ இராமாயணத்தை அனிமேஷன் படமாக எடுக்க முனைந்தபோது, ராம் மோகன் அதன் இயக்குநர்களுள் ஒருவராய்ச் சேர்ந்தார். ஜப்பானில் நூற்றுக்கணக்கான சித்திரக்காரர் கையால் வரைந்து உருவாக்கிய அப்படம் 1990களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. அயோத்தி விவகாரத்தால் இந்தியா கொந்தளித்திருந்த காலம் அது. ஆகவே படம் அங்கே படமாளிகைகளுக்கு உரிய முறையில் வராமலே போய், பின்னர் தொலைக்காட்சியில் சிறுவர்களைச் சென்றடைந்தது. 2025 ஜனவரியில் புதுப்பித்து, தமிழ் உட்படப் பல மொழிகளில் படமாளிகைகளில் வெளியிட்டார்கள். யூகோ சாக்கோ 2012 இலேயே மறைந்துவிட்டார்.

யந்திரம் வந்த வழி

கணினி ஒரு நாளில் வந்து பென்சிலைத் தட்டிப் பறித்தது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. முதலில் வேலை இழந்தோர் மை தீட்டிய பெண்கள். அவர்களைப் பெயர்த்த யந்திரம் கணினியும் அன்று. இன்று நமது சந்திக்குச் சந்தி இருக்கும் போட்டோப் பிரதி யந்திரத்தின் உடன்பிறப்பே அது! 1961 இல் வெளியான டிஸ்னியின் ‘நூற்றியொரு டால்மேஷியன்’ நாய்களின் கதையில், பென்சில் கோடுகளை நேரே செலுலாயிட் தாளுக்கு மாற்ற அவ்வுபாயத்தைக் கையாண்டனர். புள்ளி நாய்கள் நூற்றியொன்றைக் கையால் மையிட்டால் கம்பனி மூழ்கிவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். கோடு சற்று முரடாயிற்று, செலவு குறைந்தது, படம் நன்றாக ஓடியது. வேலை இழந்தவர்களைப் பற்றி அக்காலத்தில் யாரும் கட்டுரை எழுதவில்லை.

அடுத்து, 1990 இல், வண்ணம் பூசுதல் முழுவதையும் டிஸ்னி நிறுவனம் கணினிக்குக் கொடுத்தது. பென்சில் மட்டும் எஞ்சியது. 1994 இல் வந்த ‘சிங்க ராஜா’ படத்தைப் பார்க்காத பிள்ளை உண்டோ? அதில் சிங்கங்கள் எல்லாம் கையால் வரைந்தவை. பள்ளத்தாக்கில் சிதறி ஓடும் காட்டு மாட்டுக் கூட்டம் மட்டும் கணினியின் வேலை. கூட்டத்தை யந்திரத்திடமும் குணத்தைக் கையிடமும் விட்ட அந்த ஏற்பாடு நிலைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

மறு ஆண்டு, 1995 நவம்பரில், பிக்ஸார் நிறுவனத்தின் ‘டோய் ஸ்டோரி’ வந்தது. முழுவதும் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம் அது. இங்கே யாரும் ஒவ்வொரு படத்தையும் வரைவதில்லை. பொம்மையைக் கணினிக்குள் ஒருமுறை முப்பரிமாணத்தில் செய்துவிடுகின்றனர். உள்ளே எலும்பும் மூட்டும்போல் கட்டுப்பாடுகளை அமைக்கின்றனர். பின்னர் முக்கிய நிலைகளை மட்டும் சித்திரக்காரர் குறிக்க, இடைப்பட்டவற்றைக் கணினியே கணித்து நிரப்புகிறது. ஒளியும் நிழலும் விழும் விதத்தைக் கணக்கிட்டுப் படமாக்க 117 கணினிகள் இரவு பகலாய் உழைத்தன. சில படங்கள் ஒவ்வொன்றுக்கும் பல மணி நேரம் பிடித்தது.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். கணினி எடுத்துக்கொண்டது முதன்மைச் சித்திரக்காரரின் இடத்தை அன்று; இடைப்படம் வரைந்த இளைஞனின் இடத்தை. ஏணியின் உச்சிப்படி அப்படியே இருக்க, அடிப்படி கழன்றுவிட்டது. களஞ்சியசாலைக் காவலாளியான அத்தந்தை கேட்ட கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது.

‘டோய் ஸ்டோரி’யின் இயக்குநர் ஜோன் லாசெட்டர் பென்சில் பிடித்துப் பயின்றவர், டிஸ்னி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1986 இல் அவர் செய்த குறும்படத்தில் இரண்டு மேசை விளக்குகள் மட்டுமே பாத்திரங்கள். முகமில்லை, கண்ணில்லை, ஆனால் பெரிய விளக்கு தாயோ தந்தையோ என்பதும், சிறிய விளக்கு குறும்புப் பிள்ளை என்பதும் பார்த்தவுடன் விளங்கும். மறு ஆண்டில் அவரே, கையால் வரைவோர் கண்டறிந்த பழைய விதிகளைக் கணினிக்கு எவ்வாறு பொருத்துவது என்று விஞ்ஞான மாநாடு ஒன்றில் கட்டுரை வாசித்தார். ஆகவே கணினியின் முதல் வெற்றியும் பென்சிலின் பிள்ளையே. பென்சில் பிடியாத தலைமுறை வந்தபின் என்னவாகும் என்பது வேறு கேள்வி.

பின்னர் நடந்தவற்றில் யந்திரத்தைவிடக் கணக்கப்பிள்ளைக்கே பங்கு அதிகம். 2002 இல் டிஸ்னியின் ‘புதையல் கிரகம்’ என்ற படம் பெரும் நட்டம் அடைந்தது. அடுத்த ஆண்டு கணினியில் செய்த ‘நீமோ மீன்’ கதை உலகெங்கும் பணத்தை அள்ளியது. பென்சிலால் செய்ததால் ஒன்று தோற்றது, கணினியால் செய்ததால் மற்றது வென்றது என்று முதலாளிகள் முடிவுகட்டினர். கதை நன்றாயிருந்ததா என்று கேட்பார் இல்லை! 2004 இல் புளோரிடா மாநிலத்தில் இருந்த சித்திரக்கூடத்தை மூடினர். 2009 இல் தவளை இளவரசன் கதையொன்றும் 2011 இல் ஒரு கரடிக்குட்டிக் கதையும் பழைய முறையில் வந்தன. அதற்குப்பின் அந்நிறுவனம் கையால் வரைந்த முழுநீளப் படம் எதையும் படமாளிகைக்கு அனுப்பவில்லை.

அதே ‘சிங்க ராஜா’வை 2019 இல் முற்றிலும் கணினியில், மெய்யான சிங்கம்போலவே மீண்டும் எடுத்தனர். நூற்றறுபது கோடி டொலருக்கு மேல் வசூலாயிற்று. நாமும் குடும்பத்தோடு பார்த்தோம். மயிர்க்காம்பு ஒவ்வொன்றும் காற்றில் அசைந்தது. ஆனால் தந்தைச் சிங்கம் இறந்தபோது குட்டியின் முகத்தில் நாம் தேடிய துயரம் இல்லை. மெய்யான சிங்கத்துக்கு அழத் தெரியாதல்லவா? 1994 இல் அதே காட்சியில், பென்சிலால் சற்றே மேலே ஏறிய ஒரு புருவக்கோடு நம்மை அழவைத்தது. நமது இளைய மகள் இதை மறுக்கிறாள். புதிய படமே அவளுக்கு விருப்பம். முதற்படத்தைப் பார்த்தபோது நமது வயது என்ன என்று அவள் கேட்ட கேள்வி நியாயமானதே.

தமிழும் இலங்கையும்

இந்தியாவில் கையால் வரைந்த அனிமேஷன் விளம்பரங்களுக்கும் அரசாங்கக் குறும்படங்களுக்கும் அப்பால் பெருந்தொழிலாக வேரூன்றுமுன்பே கணினி வந்துவிட்டது. தமிழில் அதன் சுவையை நமது வயதினர் முதலில் கண்டது 1989 இல் வெளிவந்த ‘ராஜா சின்ன ரோஜா’வில், நடிகர் ரஜினிகாந்த் சித்திர விலங்குகளோடு ஆடிப்பாடிய பாட்டில்தான். அதன்பின் 2000 இல் சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் பாண்டவர் கதையை முப்பரிமாணக் கணினிப் படமாக்கியது. 2007 இல் இளையராஜா இசையமைத்த ‘இனிமே நாங்கதான்’ வந்தது. 2014 இல் ‘கோச்சடையான்’. நடிகர்களின் அசைவை உணர்கருவிகளால் பதிந்து கணினி உருவங்களுக்கு ஏற்றிய படம் அது. முகங்களில் உயிர் போதவில்லை என்ற குறையைப் பலரும் கூறினர். அசைவைப் பதிவுசெய்துவிட்டால் உயிரும் கூடவே வந்துவிடும் என்று நம்பியதே பிழை என்பது நமது துணிபு. அசைவைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த சித்திரக்காரனின் கண் ஒன்று இடையே வேண்டும். அக்கண்ணைப் பழக்கும் இடைப்படப் பள்ளிக்கூடம் நம்மிடம் இருந்ததில்லை.

ஆயினும் குறையே கூறிக்கொண்டிருப்பது முறையாகாது. 2025 ஜூலையில் வெளியான ‘மகாவதார் நரசிம்மா’, பிரகலாதன் கதையைக் கணினிச் சித்திரமாக்கி, வசூலில் இந்திய அனிமேஷன் படங்கள் யாவற்றையும் மிஞ்சியது. தூணைப் பிளந்துகொண்டு நரசிங்கம் தோன்றும் கட்டத்தில் கைகூப்பியோரை நாம் அறிவோம்.

நமது நாட்டில் 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியபின், பிறநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுத்து அவற்றை இந்த மண்ணுக்கே உரியனவாக்கியவர் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த. விலங்குகளோடு பேசும் வைத்தியரின் கதையை ‘தொஸ்தர ஹொந்தஹித’ என்ற பெயரில் நாம் சிறுவராயிருந்தபோது பார்த்தோம். கண்டித் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அது இலவசச் சிங்கள வகுப்பாகவும் அமைந்தது. எனினும் பிறர் வரைந்ததற்குக் குரல் கொடுத்தோமே தவிர, நாமே வரையும் தொழில் பெரிதாய் வளரவில்லை. கமிலஸ் பெரேரா பேனாவால் பத்திரிகையில் வரைந்து புகழ்பெற்ற ‘கஜமன்’ என்னும் நகைச்சுவைப் பாத்திரம், 2023 இல் கணினியின் முப்பரிமாணத்தில் முழுநீளப் படமாகித் திரைக்கு வந்தது. இலங்கையில் அவ்வகையில் அதுவே முதற் படம் என அறிவிக்கப்பட்டது. பத்திரிகைக் கட்டத்திலிருந்து நேரே முப்பரிமாணத்துக்கு ஒரே பாய்ச்சல்! இங்கும் இடைப்படம் இல்லை.

பென்சில் எங்கே பிழைத்திருக்கிறது?

ஜப்பானில். ஹயாவோ மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ 2003 இலும், அவரது ‘சிறுவனும் நாரையும்’ 2024 இலும் ஒஸ்கார் பரிசு பெற்றன. முழுநீள அனிமேஷன் படத்துக்கென அப்பரிசு 2002 இல் ஏற்பட்டது முதல், கையால் வரைந்த படங்களுள் வென்றவை இவ்விரண்டே. இரண்டாவது பரிசு கிடைத்தபோது மியாசாகியின் வயது 83. ஆனால் ஜப்பானைப் புகழுமுன் ஒன்று கூறவேண்டும். அங்கே இடைப்படம் வரையும் இளைஞர் பெறும் ஊதியம் மிகச் சொற்பம் என்ற முறைப்பாடு நெடுங்காலமாக உண்டு. அவ்வேலையில் பெரும் பகுதி கொரியாவுக்கும் சீனாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் வியட்நாமுக்கும் அனுப்பப்படுகிறது. அடிப்படி அங்கே இருக்கிறது. ஆனால் அதில் நிற்பவனுக்கு வயிறு நிறைவதில்லை.

இதற்கிடையில், 2025 மார்ச் மாதத்தில், செயற்கை நுண்ணறிவுக் கருவியொன்று எவருடைய புகைப்படத்தையும் மியாசாகியின் சித்திரக்கூடப் பாணியில் நொடியில் மாற்றித் தந்தது. உலகமே சில வாரம் அவ்விளையாட்டில் மூழ்கியது. நமது ஆசிரியர் அறையிலும் மூழ்கினர். நாமும் நமது படத்தைக் கொடுத்துப் பார்த்தோம். மீசை சற்று அழகாக வந்தது. அம்மனிதர் அறுபதாண்டு வளைத்த கோட்டுக்கு நாம் எதுவும் கொடுக்கவில்லை என்ற கூச்சம் பின்னரே வந்தது.

ஆனால் அதே மார்ச் மாதத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. லத்வியா என்னும் சிறு நாட்டின் கிண்ட்ஸ் சில்பலோடிஸ் என்ற இளைஞர், ஒரு பூனை வெள்ளத்தில் தப்பிச்செல்லும் கதையை, ஒரு சொல்லும் பேசாமல் படமாக்கி அவ்வாண்டின் ஒஸ்கார் பரிசைப் பெற்றார். அவர் கையாண்டது ‘பிளெண்டர்’ என்ற மென்பொருள். எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. நமது கல்லூரிக் கணினிக் கூடத்திலும் நிறுவக்கூடியது. பூனை பாயுமுன் முதுகை எப்படி வளைக்கும் என்பதை மட்டும் அம்மென்பொருள் கற்றுத்தராது.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு அத்தந்தையாரை மீண்டும் அழைத்தோம். பொய் சொல்லவில்லை. “ஐயா, சித்திரக்கூடம் ஒன்றில் கடைநிலையில் சேர்ந்து, வரைந்து வரைந்தே மேலேறும் பழைய வழி இனி இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். உயர்தரப் பரீட்சையை அவன் விடக்கூடாது, கணினியையும் படிக்கட்டும். ஆனால் கையை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கையால் பார்க்கக் கற்ற கண்தான் கணினிக்கு முன்னும் அவனுக்கு உதவும். அடிப்படியை அவன் கொப்பியிலேயே அமைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது” என்றோம். அவர் முழுவதும் உடன்பட்டதாகத் தெரியவில்லை. “படிக்கட்டுமுங்க, பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார். போகுமுன், தம் வீட்டில் இன்னும் மூன்று நல்ல தூரிகைகள் மண்ணெண்ணெயில் கழுவி வைத்தபடி இருக்கின்றன என்று, நாம் கேளாமலே கூறினார்.

அடுத்த சனிக்கிழமை அம்மாணவனையும் அவன் தோழர் நால்வரையும் தெகல்தொறுவைக்கு அழைத்துச் சென்றோம். வரலாற்றுப் பாடத்துக்கென்று அதிபரிடம் அனுமதி பெற்றிருந்தோம். அது முழுப் பொய்யும் அன்று. மற்றையோர் கால்மணி நேரத்தில் பார்த்து முடித்து, வெளியே பாறைமேல் ஏறினர். இவன் மட்டும் வெள்ளை யானைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அரசகுமாரன் எத்தனைமுறை வருகிறான் என்று விரலை மடக்கி எண்ணினான். பின்னர், பின்னணியில் உதிர்ந்து கிடக்கும் தாமரைகளில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்று சுட்டிக்காட்டினான். பல தடவை அங்கே சென்றுவந்த நாம் அதைக் கவனித்ததில்லை.

திரும்பும்போது பேருந்தில் அவன் கொப்பியை அவனிடமே கொடுத்தோம். அடுத்த வாரம் வேறொரு கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினான். நூற்றிருபது பக்கம், அறுபது தாள். இம்முறை யானை நடக்குமுன் முன்காலைத் தூக்கி, ஒரு கணம் தயங்கி, பாரத்தை மறுபக்கம் சாய்த்தபின்பே அடியெடுத்து வைத்தது. “சேர், அதுக்கு மட்டும் பதினொரு தாள் போச்சு” என்றான். அந்தப் பதினொன்றையும் மெதுவாக ஒருமுறை விட்டுப் பார்த்தோம்.